வழிகாட்டி வேண்டும், தரகு வேண்டாம்



உள்ளூர்க்காரனுக்குப் பேய் பயம், வெளியூர்க்காரனுக்கு ஆற்றுப் பயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றில் எங்கே ஆழம், எங்கே மேடு என்பது புதிதாக வருகிறவனுக்குத் தெரியாது. நம் திருவண்ணாமலைக்கு வருகிறவருக்கு ஆற்றுப் பயம் இல்லை. விலைப் பயம் இருக்கிறது. ஆட்டோவுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, எந்தக் கடையில் நியாய விலை, யார் சொல்வதை நம்பலாம் என்று ஒன்றும் தெரியாமல் பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்கிறார். முதலில் வந்து கையைப் பிடிக்கிறவர் யாரோ, அவர்தான் அன்றைக்கு அவருக்கு ஊர்.

அந்தக் கையைப் பிடிக்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் சுற்றுலா பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை இருக்கிறது. நம் கல்லாவோடும், நம் ஊரின் நாணயத்தோடும் சம்பந்தப்பட்ட கவலை. பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

கூட்டம் வேறு, வியாபாரம் வேறு

பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான மக்கள் நம் ஊருக்கு வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிப் போகிறார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. 2024-ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேராக ரயிலும் வருகிறது. அதே ஆண்டில் நம் நகராட்சி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. ஊர் வளர்ந்திருக்கிறது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் பௌர்ணமியன்று நம் மளிகைக் கடைகளின் நிலை என்ன? சாலைகளை அடைத்துவிடுகிறார்கள். சரக்கு லாரி ஊருக்குள் வர முடியாது. வாடிக்கைக்காரர்கள் கூட்டத்துக்குப் பயந்து முதல் நாளே வாங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் மறுநாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள். வருகிறவர்களோ இரவு முழுக்க நடந்து, விடியற்காலை பேருந்து ஏறிப் போய்விடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் விற்கும். ஒரு கிலோ மல்லி விற்காது. கூட்டத்தைப் பார்த்து நல்ல வியாபாரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கணக்கு எழுதுகிற நமக்கு உண்மை தெரியும்.

வியாபாரத்துக்கு உதவுகிறவர் யார்? ஓர் இரவு தங்கி, காலையில் ஊரைச் சுற்றிப் பார்த்து, கடை வீதியில் நிதானமாக நடந்து, ஊருக்குப் போகும்போது நாலு பொருள் வாங்கிப் போகிறவர். அப்படிப்பட்டவரைத் தங்க வைக்க நம் ஊரில் என்ன ஏற்பாடு இருக்கிறது? கோயிலுக்குப் போகலாம், மலை சுற்றலாம், ஆசிரமங்களுக்குப் போகலாம். அதற்கு மேல் இந்த ஊரின் கதையைப் பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லை.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள்?

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி இருக்கிறது. ஒரு குடும்பமோ, நாலைந்து நண்பர்களோ சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டியைத் தங்களுக்கென்று அமர்த்திக்கொள்கிறார்கள். கட்டணம் முன்கூட்டியே தெரியும். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதும் தெரியும். பெரும்பாலும் கால்நடைதான். லண்டனில் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதித் தேறிய வழிகாட்டிகள் நீலநிறச் சின்னம் ஒன்றை அணிகிறார்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்தால் வருகிறவருக்கு நம்பிக்கை. நம் தராசில் அரசு முத்திரை இருப்பதுபோல.

இத்தாலியின் வெனிஸ் நகரத்தின் அனுபவம் நமக்கு இன்னும் முக்கியம். அங்கே கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், 2024-ல் ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது, வழிகாட்டிகள் ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது என்று விதி போட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 25 முதல், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் கூட்டம் மிகுந்த நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கிப் பார்த்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. தங்குகிறவரால்தான் ஊருக்கு நன்மை என்று அவர்களும் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. வெனிஸ் பழைய நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பயணிகளுக்கான அறைகளாக மாறின. ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையும் இருந்த இடங்களில் முகமூடிக் கடையும் நினைவுப் பொருள் கடையும் வந்துவிட்டன. குடியிருப்பவர்கள் குறைந்தால் மளிகைக் கடைக்கு வேலை ஏது? ஊருக்கு ஆள் வருவது மட்டும் வளர்ச்சி ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் வரலாற்று எழுத்தாளர் வி. ஸ்ரீராம் போன்றவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் மக்களை நடத்திக் கூட்டிச்சென்று கதை சொல்கிறார்கள். நமக்கு 100 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் கட்டிய தெருக்களை இப்படி நடந்து பார்க்கிறார்கள். அந்தத் தெருக்களுக்கு 300 ஆண்டு வரலாறு. நம் ஊருக்கு அதைப்போல் பல மடங்கு.

நம் ஊரில் நடப்பது என்ன?

இங்கேயும் கைடு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஊரை நேசிக்கிற நல்லவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வருகிறவரிடம் கட்டணம் கேட்பதில்லை. "கொடுப்பதைக் கொடுங்கள்" என்கிறார்கள். அல்லது மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு கோயில் வாசலில் பத்து நிமிடம், கடையில் ஒரு மணி நேரம். கடைக்காரர் தரும் கமிஷன்தான் கைடின் வருமானம். கோயிலில் வரிசையில் நிற்காமல் சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று பணம் கேட்கும் தரகர்களைப் பற்றிய புகாரும் நாம் கேட்காதது அல்ல.

இதில் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைடு நாலு வெளிநாட்டுக்காரர்களை நம் கடைக்குக் கூட்டி வந்தார். மொத்த வியாபாரம் என்றாலும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. கால் கிலோ மிளகு, கொஞ்சம் ஏலக்காய், விரலி மஞ்சள் கேட்டார்கள். எடைபோடும்போது கைடு நம் காதருகே வந்து, நூற்றுக்கு முப்பது என்றார். இந்தச் சரக்கில் நமக்கே நூற்றுக்கு ஐந்து நின்றால் பெரிது, நீங்கள் முப்பது கேட்கிறீர்களே என்றோம். அவர் அவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அத்தனை பேரும் பொட்டலத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். இங்கே சரக்கு பழையது, வேறு நல்ல கடை காட்டுகிறேன் என்று சொன்னதாகப் பக்கத்துக் கடைப் பையன் பிறகு சொன்னான். மிளகு முந்தின நாள்தான் இறங்கியது. அவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த முறைதான் முக்கியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கமிஷன் கொடுத்தால் என்ன, அதிகமாக விற்குமே என்று நினைக்கும் நண்பர்களுக்காக ஒரு கணக்கு.

ஜவ்வாது மலைத் தேன் ஒரு புட்டி, கொள்முதல் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாய் லாபம் வைத்து 300-க்கு விற்கிறோம். வாடகை, கரண்டு, ஆள் சம்பளம் எல்லாம் அந்த ஐம்பதில்தான். கைடுக்கு நூற்றுக்கு முப்பது என்றால் 90 ரூபாய் போய்விடும். கல்லாவில் நிற்பது 210. அதாவது கையை விட்டு 40 ரூபாய் நஷ்டம். ஆகவே விலையை ஏற்றித்தான் ஆக வேண்டும். கமிஷன் போக அதே 300 கைக்கு வர வேண்டுமானால் புட்டியின் விலை 430 ரூபாய் ஆக வேண்டும். தேன் அதே தேன். வாங்குகிறவர் 130 ரூபாய் கூடத் தருகிறார். அந்த 130-ல் கடைக்காரருக்கு ஒரு ரூபாய்கூட நிற்கவில்லை.

கதை அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வாங்கினவர் மாலையில் சின்னக்கடைத் தெருவில் நடக்கிறார். அதே தேனை 300 ரூபாய்க்குப் பார்க்கிறார். உடனே அவர் என்ன நினைப்பார்? காலையில் ஒரு கடைக்காரர் ஏமாற்றினார் என்றா? இல்லை, இந்த ஊரே ஏமாற்றுகிற ஊர் என்று நினைப்பார். ஊருக்குப் போய் பத்துப் பேரிடம் சொல்வார். இன்றைக்குக் கைபேசியில் ஒரு வரி எழுதினால் ஆயிரம் பேர் படிக்கிறார்கள். 300-க்கு நியாயமாக விற்றவர் பெயரும் சேர்ந்து கெடுகிறது. நாம் எடைக்கல்லில் ஒரு கிராம் குறையாமல் நிறுத்து வாழ்நாளெல்லாம் சேர்த்த பெயர் அது.

வாடகை விஷயமும் இருக்கிறது. கமிஷன் வியாபாரத்தில் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால், அந்தக் கடைக்காரர்கள் எந்த வாடகைக்கும் இடம் எடுக்கிறார்கள். பக்கத்தில் உப்பு புளி விற்கிறவர் அந்த வாடகைக்கு ஈடு கொடுக்க முடியுமா? கோயிலைச் சுற்றியும் செங்கம் சாலைப் பக்கமும் வாடகை எப்படி ஏறியிருக்கிறது என்பதை அங்கே கடை வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெனிஸ் நகரத்து ரொட்டிக் கடைக்கு நேர்ந்தது, மாட வீதி மளிகைக் கடைக்கு நேராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

நாமும் கமிஷன் வாங்குகிறவர்கள்தானே?

இந்தக் கேள்வியை ஒரு நண்பர் நம்மிடமே கேட்டார். கமிஷன் மண்டி வைத்திருப்பவர்கள் கைடின் கமிஷனைக் குறை சொல்லலாமா என்றார். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

மண்டியில் விவசாயி கடலை மூட்டை கொண்டுவந்து இறக்குகிறார். என்ன விலைக்குப் போயிற்று, எடை எவ்வளவு, இறக்குக் கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று சிட்டையில் எழுதி அவர் கையில் கொடுக்கிறோம். அவருக்குச் சம்மதமில்லை என்றால் அடுத்த மண்டிக்குப் போகலாம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகலாம். நாம் யாருக்காக வேலை செய்கிறோம் என்பது அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

கைடின் கமிஷன் சிட்டையில் ஏறுவதில்லை. பயணி அவரைத் தன்னுடைய ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவரோ கடைக்காரரின் ஆளாக இருக்கிறார். இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஒரு பக்கத்துக்குத் தெரியாமல் வாங்குவதைத்தான் தவறு என்கிறோம். தெரிந்து கொடுப்பது கூலி. தெரியாமல் எடுப்பதற்கு என்ன பெயர் என்று வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரத்தில் என்ன காட்டலாம்?

கடை இல்லாமல் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாமே பாதியை மறந்துவிட்டோம். காலை ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிற ஒரு நடையை மனக்கண்ணால் பார்ப்போம்.

தேரடி வீதியில் தொடங்கலாம். எதிரே ராஜகோபுரம், 11 நிலை, 217 அடி. தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு அடுத்த உயரம். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்து வைத்தார். ஆந்திராவிலிருந்து வருகிற பக்தரிடம், இது உங்கள் ராயர் தொடங்கிய கோபுரம் என்று தெலுங்கில் சொன்னால் அவர் முகம் எப்படி மலரும்! அருகிலேயே தேர்கள். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியைச் சுற்றும். அதில் பராசக்தி அம்மன் தேரைப் பெண்களே இழுப்பார்கள். இது வெளியூர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேரடியிலேயே நம் வணிகர்களின் கதையும் இருக்கிறது. விசிறி சாமியார் என்று நாம் சொல்லும் யோகி ராம்சுரத்குமார் 1959-ல் இந்த ஊருக்கு வந்தவர். சன்னதித் தெரு வீட்டுக்குப் போவதற்கு முன் பல ஆண்டுகள் தேரடிப் பாத்திரக் கடைகளின் திண்ணையில்தான் இரவுகளைக் கழித்தார். இன்று அவருக்கு எவ்வளவு பெரிய ஆசிரமம்! அவருக்கு முன் சேஷாத்திரி சுவாமிகள். 1929-ல் சமாதி அடையும் வரை இந்தக் கடைவீதிகளில் சுற்றித் திரிந்தவர். திடீரென்று ஒரு கடைக்குள் நுழைந்து கல்லாவில் கை வைத்து, காசை வாரித் தெருவில் இறைப்பார். வேறு யாராவது அப்படிச் செய்தால் அடிதான் விழும். அவர் இறைத்தால் அன்றைக்கு வியாபாரம் பெருகும் என்று அந்தக் காலத்து வணிகர்கள் அவர் வரவுக்காகக் காத்திருந்தார்களாம். ஒரு கடைவீதியின் பெருமையை இதைவிட அழகாக எந்த ஊரில் சொல்ல முடியும்?

அப்படியே தெற்கே திருமஞ்சன கோபுரம். மாட்டுப் பொங்கலன்று சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும் திருவூடல் தெரு. மேற்கே போனால் பேய் கோபுரம். அதன் பின்னால் மலை எழுந்து நிற்கும் காட்சியை காலை வெயிலில் பார்க்க வேண்டும். அங்கே நின்று மகாதீபத்தைப் பற்றிச் சொல்லலாம். மலை உச்சிக்குக் கொப்பரை போவது, பருவதராஜ குலத்தார் தீபம் ஏற்றுவது, ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்குக் காடாத்துணி, கற்பூரம், பதினோரு நாள் எரியும் சுடர். நெய்யும் துணியும் கற்பூரமும் நம் கடைச் சரக்குகள் அல்லவா? நமக்கே பெருமை.

வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். அரசனும் நாயக்கனும் கட்டாமல், ஒரு பெண் துறவி வீடு வீடாகவும் கடை கடையாகவும் கேட்டுச் சேர்த்த காசில் எழுப்பியது என்று ஊர் மரபு சொல்கிறது. நம் முன்னோர் கொடுத்த காசும் அந்தக் கல்லில் இருக்கும். வல்லாள மகாராஜாவின் கதையையும் மறக்கக் கூடாது. 14-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்து ஆண்ட போசள அரசர் வீரவல்லாளர். அவருக்குப் பிள்ளை இல்லை என்பதால் அண்ணாமலையாரே பிள்ளையாக நின்று திதி கொடுப்பதாக ஐதீகம். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் இன்றும் அது நடக்கிறது. கேட்கிறவர் கண் கலங்காமல் போகமாட்டார்.

சண்டைக் கதை கேட்டால் அதுவும் உண்டு. 1767 செப்டம்பர் மாதம் ஹைதர் அலி படைக்கும் ஆங்கிலேயக் கம்பெனி படைக்கும் நம் ஊர்ப் பக்கத்தில் பெரும் போர் நடந்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயதுப் பையனாக ரயிலிறங்கி வந்த வேங்கடராமன், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்தார். பின்னால் அவர் ரமண மகரிஷி. அந்தக் குகை சீரமைக்கப்பட்டபோது 1949-ல் ராஜாஜி வந்து திறந்து வைத்தார். 1931-ல் பால் பிரண்டனும் 1938-ல் சாமர்செட் மாமும் இங்கே வந்து போய், எழுதி, உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த திருவண்ணாமலை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இவ்வளவையும் கேட்டு முடித்தவர் எட்டரை மணிக்குப் பசியோடு நிற்பார். ஓட்டலுக்குப் போவார். பிறகு கடைவீதியில் தானாக நடப்பார். தனக்கு வேண்டியதைத் தான் பார்த்து, விலை கேட்டு வாங்குவார். அந்த வியாபாரம் எந்தக் கடைக்கும் போகலாம். தரகில்லாத வியாபாரத்தின் நியாயம் இதுதான்.

சில சந்தேகங்கள்

ஆட்டோக்காரர்கள், இப்போதைய கைடுகள் பிழைப்பு போகாதா என்று கேட்கலாம். அவர்களையே முதலில் பயிற்சிக்கு அழைக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஒரு நடைக்கு 5 பேர் வரை 1,000 ரூபாய் என்று வைத்தால் தலைக்கு 200 ரூபாய். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நாளுக்கு 2,000. கடை வாசலில் கமிஷனுக்குக் காத்து நிற்பதைவிட இது மரியாதையான சம்பாத்தியம். படித்துவிட்டு வேலை தேடும் நம் வீட்டுப் பெண்களும் தயங்காமல் செய்யக்கூடிய வேலை.

கோயிலுக்குள் கூட்டிப்போகலாமா? கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பு. வழிபாட்டுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது. நடை வாசலோடு முடியட்டும். பக்தர் தன் வரிசையில் நின்று தரிசனம் செய்துகொள்வார். தரிசனத்துக்கு ஆள் பிடிக்கிற வேலை நம் வழிகாட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

என்ன மொழியில் சொல்வது? எல்லோரும் ஆங்கிலம் என்கிறார்கள். நாம் தெலுங்கு என்கிறோம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் மார்கழியிலிருந்து மாசி வரைதான். ஆந்திரா, தெலங்கானா பக்தர்கள் ஆண்டு முழுக்க வருகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற வணிகர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் முன்வந்தால் போதும். தமிழிலும் நடத்த வேண்டும். சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்களுக்கும் இந்தக் கதைகள் புதிதுதான்.

கதையைத் திரித்துச் சொல்லமாட்டார்களா? சொல்வார்கள், கண்காணிக்காவிட்டால். எது கல்வெட்டில் இருப்பது, எது ஊர் மரபு என்று பிரித்துச் சொல்லப் பழக்க வேண்டும். ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பாடம் எழுதி வாங்கலாம்.

சங்கம் செய்ய வேண்டியவை

1. வரும் பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்து, ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைக்க வேண்டும்.

2. முதல் தவணையாக 20 பேருக்கு ஒரு மாதப் பயிற்சி தர வேண்டும். செலவைச் சங்கம் ஏற்கலாம். சுற்றுலாத் துறையிடமும் மாநகராட்சியிடமும் முறைப்படி அனுமதியும் ஒத்துழைப்பும் கேட்க வேண்டும்.

3. தேறியவர்களுக்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டை. கட்டணத்துக்கு ரசீது. கட்டண விவரம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தங்கும் விடுதிகளிலும் தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் பலகையாக இருக்க வேண்டும்.

4. ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. பௌர்ணமியிலும் தீபத் திருவிழாவிலும் நடை கிடையாது. அந்த நாட்களில் வீதி பக்தர்களுக்கே.

5. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. நம் உறுப்பினர் கடைகள் ஒவ்வொன்றிலும், "இங்கே வழிகாட்டிகளுக்குக் கமிஷன் தருவதில்லை, எல்லோருக்கும் ஒரே விலை" என்று ஒரு பலகை மாட்ட வேண்டும். வாங்குகிறவர் இருக்கிற வரை கொடுக்கிறவர் இருப்பார், கொடுக்கிறவர் இருக்கிற வரை வாங்குகிறவரும் இருப்பார். கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது அம்சத்துக்குச் சில கடைக்காரர்களிடம் எதிர்ப்பு வரும் என்று நமக்குத் தெரியும். நான் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார், எனக்குத்தான் நஷ்டம் என்பார்கள். உண்மைதான். தனித்தனியாகச் செய்தால் நஷ்டம். அதற்காகத்தானே சங்கம்? தராசு முத்திரைப் பிரச்சினையிலும் வரிப் பிரச்சினையிலும் நாம் ஒன்றாக நின்றிருக்கிறோம். இதிலும் நிற்க முடியும். ஓர் ஆண்டு கடைப்பிடித்துப் பார்ப்போம். கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு பொதுக்குழுவில் லாப நஷ்டம் பேசுவோம். கமிஷன் கொடுத்தபோதைவிட நஷ்டம் என்று கணக்கில் காட்டுகிறவர் இருந்தால் அன்றைக்கு மறுபடியும் யோசிக்கலாம்.

அதுவரை, கடை வாசலில் யாராவது காதருகே வந்து நூற்றுக்கு முப்பது என்று சொன்னால், சத்தமாகவே பதில் சொல்லுங்கள். வாங்க வந்தவருக்கும் கேட்கட்டும்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!